மண்டியிடும் வேஷம்

எனக்குத் தெரிந்த தொழில் படகு கட்டுவது. கன்னியாகுமரிக் கரையில் ஃபைபர் வள்ளம் கட்டும் கொட்டகையில் பதினாறு வயதிலிருந்து வேலை பார்த்தவன். ஷார்ஜாவுக்கு வரும்போது விசாவில் ஃபைபர் டெக்னீஷியன் என்று போட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் அந்தக் கம்பெனியில் படகே கிடையாது. கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுவது, கடை வாசலில் நிறுத்தும் பெரிய பொம்மைகள், செயற்கைப் பாறை, செயற்கைப் பேரீச்சை மரம், இவைதான் வேலை. மூன்று வருஷம் பேரீச்சை மரமாகவே செய்து தள்ளினேன். அதனால் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷக் கடைசியில் ஒரு கப்பல் ஆர்டர் வந்திருக்கிறது என்று ஃபோர்மேன் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

துபாயில் ஒரு மாலின் நடுக்கூடத்தில் நிறுத்துவதற்கான கப்பல் அது. குளிர்காலத் தள்ளுபடி விற்பனைக்கு 'புதிய உலகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு அமெரிக்காவில் போய் இறங்கியவர் என்று ஐந்தாம் வகுப்பில் எல்லோரும் படித்திருக்கிறோமே, அந்தக் கப்பல் தலைவர் கரையேறும் காட்சியை அங்கே தினமும் நடத்திக் காட்டப்போகிறார்கள். கப்பல், கரை, மணல், பாறை எல்லாம் எங்கள் பட்டறையில் செய்து கொடுக்கவேண்டும்.

காட்சியை நடத்தப்போகிறவர் ஒரு ஐரோப்பியப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். எப்போதும் கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். அவர் எனக்கு ஒரு தடிமனான ஃபைலைக் கொடுத்தார். ஏதோ புத்தகங்களிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் தாள்கள். கப்பலின் பக்கவாட்டுத் தோற்றம், பின்புறம், பாய்மரம் என்று படங்கள். படங்களைச் சுற்றி ஆங்கிலத்தில் எழுத்து. நான் பிளஸ் டூ முடித்தவன். மெதுவாக, அகராதி பார்த்து, ஆங்கிலம் வாசிப்பேன்.

இரும்புச் சட்டத்தின்மேல் பிளைவுட் அடித்து, அதன்மேல் கண்ணாடி இழை மேட்டும் ரெசின் பசையும் பூசி, பலகை பலகையாகத் தெரியும்படி கோடு போட்டு நாற்பது நாளில் கப்பலை முடித்தேன். பாய்த்துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கினேன். படத்தில் இருந்தபடி பாயில் பெரிய சிவப்புச் சிலுவை ஒன்று வரைந்தேன். மாலிலிருந்து பார்க்க வந்தவர்கள் சிலுவை வேண்டாம் என்றார்கள். அதன்மேல் மஞ்சள் சூரியன் வரைந்து மறைத்தேன். எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஆர்டர் அப்படி. கப்பல் தலைவர் கரையில் நடும் கொடியிலும் விற்பனையின் முத்திரைதான் இருந்தது.

கப்பல் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்து, சரிவுப் பலகை ஒன்று மணலில் இறங்கும். அதில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்திருந்தேன். புகைப்படத்தில் மறைக்கிறது என்று சொல்லி முன்பக்கக் கைப்பிடியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன்.

ஒருநாள் அந்தப் பெண்மணி பட்டறைக்கு வந்தார். கரையில் நிற்கும் 'இந்தியர்'களாக நடிக்கப் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நடனக்காரர்களைக் கொண்டுவருவதாகத்தான் முதலில் பேச்சு. பட்டறையில் பிளைவுட் சுமந்துகொண்டிருந்த எங்கள் ஆட்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். மெலிந்து, வெயிலில் கருத்த உடம்புகள். இவர்களே போதும் என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டார். எங்கள் ஃபோர்மேன் மலையாளி. அவர் ஹிந்தியில் அதை எல்லோருக்கும் அறிவித்தார். நாம் ஏற்கெனவே இந்தியர்கள்தானே, இதற்கு எதற்கு வேஷம் என்று பஞ்சாபி வெல்டர் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் முவைலாவில் கம்பெனி கேம்பில் என் அறையில் இருந்தவர். என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் அவருடையது. பரமக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். நாற்பதை நெருங்கும் வயது. பட்டறையில் ஹெல்பர். ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

அவருக்கு நடிப்பு புதிதல்ல. ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போடும் நாடகங்களில் பல வருஷம் வேஷம் கட்டியவர். பெரும்பாலும் போலீஸ்காரர், சில சமயம் சேதி கொண்டுவரும் ஆள். இரண்டு வரி வசனம் என்றாலும் அதற்கு ஒரு மாதம் ஒத்திகை பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்வார். இந்த வேஷம் கிடைத்ததில் மற்றவர்களுக்குப் பட்டறைத் தூசியிலிருந்து தப்பித்து ஏசியில் நிற்கலாம் என்ற நிம்மதி. அவருக்கு மட்டும் உண்மையான உற்சாகம்.

பர் துபாய் மீனா பஜாரில் போய் இறகு, மணி, தோல் நிறப் பனியன் எல்லாம் வாங்கிவந்தது நான்தான். மால் என்பதால் திறந்த மார்போடு நிற்கக்கூடாது. ஒப்பனைக்காரப் பெண் வரிசையாக எல்லோர் முகத்திலும் பழுப்பு மை பூசிக்கொண்டே வந்தாள். இவர் முன்னால் வந்ததும், பிரஷை எடுத்துப் பார்த்துவிட்டு, இவருக்குத் தேவையில்லை என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அதையும் அவர் சிரித்துக்கொண்டே அறையில் வந்து சொன்னார்.

காட்சி பத்து நிமிஷம்தான். அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு குரல் கதை சொல்லும். கதவு திறக்கும், புகை வரும், கப்பல் தலைவர் கொடியோடு இறங்குவார். அவராக நடித்தவர் ஓட்டல்களில் நடனமாடும் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். பாறைகளுக்குப் பின்னாலிருந்து பன்னிரண்டு பேர் பயந்து பயந்து வரவேண்டும், வியக்கவேண்டும், கடைசியில் மண்டியிடவேண்டும். கொடி நடப்படும். தள்ளுபடி விவரம் ஒலிபெருக்கியில் வரும்.

முதல் ஒத்திகையில் பதினொரு பேர் ஏதோ கீழே விழுந்த காசைத் தேடுகிறவர்கள் மாதிரி முட்டி போட்டார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு காலை மட்டும் மடக்கி, நின்று, கப்பலைப் பார்த்து, கைவிரல்கள் நடுங்க, பிறகு இரண்டாவது காலையும் மடக்கினார். அந்தப் பெண்மணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். அன்றிலிருந்து இவருக்கு முன்வரிசை. இவர் மண்டியிட்ட பிறகுதான் மற்றவர்கள் மண்டியிடவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்விட்டு அறைக்கு வந்தபோது அவர் எனக்காகக் காத்திருந்தார். என் ஃபைலைச் சுட்டிக்காட்டினார்.

"தம்பி, அதுல இந்த ஆளுகளப் பத்தி ஏதாச்சும் எழுதிருக்கானு பாரு. நான் யாருன்னு தெரிஞ்சா இன்னும் நல்லாப் பண்ணுவேன்."

வாசித்தேன். கப்பல் தலைவர் தன் குறிப்பேட்டில் எழுதிய பகுதிகள் இரண்டு மூன்று தாள்களில் இருந்தன. வாசித்ததைத் தமிழில் சொன்னேன். மறக்காமலிருக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். அந்தத் தீவுக்காரர்கள் கப்பலை நோக்கி நீந்தி வந்தார்களாம். கிளி, பஞ்சு நூல் உருண்டை, ஈட்டி என்று கையில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்களாம். கப்பல்காரர்கள் பதிலுக்குச் சிவப்புத் தொப்பியும் கண்ணாடி மணியும் கொடுத்தார்கள். வாளை நீட்டிக் காட்டியபோது, அதைக் கூரான பக்கத்தில் பிடித்துக் கையை அறுத்துக்கொண்டார்கள்.

"தெரியாமயா புடிச்சாய்ங்க?" என்று கேட்டார்.

"அவங்க இரும்பையே பாத்ததில்லண்ணே. அப்படித்தான் எழுதியிருக்கு."

கொஞ்சநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒத்திகையில், கப்பல் தலைவர் வாளை நீட்டியபடி இறங்கும் இடத்தில், இவர் முன்னால் போய் அதன் கூர்ப்பக்கத்தைக் கையால் பற்றினார். மழுங்கிய வாள்தான், ஆனாலும் நிஜ இரும்பு. உள்ளங்கையில் ஒரு கீறல் விழுந்தது. அவர் கையை விரித்து ரத்தத்தை முதன்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். பெண்மணி கைதட்டினார். அதைக் காட்சியிலேயே சேர்த்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து விரல்களுக்கு நடுவில் சிவப்பு மை வைத்துக்கொண்டு செய்தார். பார்க்க வந்த குழந்தைகள் அந்த இடத்தில் கெக்கலித்துச் சிரித்தார்கள்.

நான் அவரிடம் சொல்லாமல் விட்டதும் உண்டு. அதே தாளில், வாள் பற்றிய வரிகளுக்கு நாலைந்து வரி தள்ளி, இவர்கள் நல்ல வேலைக்காரர்களாக இருப்பார்கள் என்று அந்தத் தலைவர் எழுதியிருந்தார். சில நாள் கழித்து எழுதிய குறிப்பில், ஐம்பது பேர் இருந்தால் போதும், இவர்கள் அனைவரையும் அடக்கி நமக்கு வேண்டியதைச் செய்ய வைக்கலாம் என்று இருந்தது. சிலரைப் பிடித்துக் கப்பலில் கொண்டுபோனதும் இருந்தது. அதற்கடுத்த தாள்களில் வேறு படங்கள். அவற்றை ஃபைலிலிருந்து உருவி என் பெட்டியின் அடியில் வைத்தேன்.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் சந்தோஷமாக இருக்கிறார், கெடுக்கவேண்டாம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நான் கட்டிய கப்பலுக்கு முன்னால் கூட்டம் கூடுகிறது, அவர் நடிப்பால்தான் கூடுகிறது. அது நின்றுபோவதை நான் விரும்பவில்லை.

தினமும் மூன்று காட்சி. மாலை நேரங்களில் நானும் மாலில் இருந்தாகவேண்டும். கதவையும் சரிவுப் பலகையையும் இயக்குவது என் வேலை. கப்பலுக்குள், ஒரு துவாரத்தின் வழியாக, அவர் மண்டியிடுவதைத் தினமும் மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது வாரம் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படம் வந்தது. கப்பல் பெரிதாக, கப்பல் தலைவர் நடுவில், முன்னால் இவர் மண்டியிட்டுச் சிவந்த உள்ளங்கையை விரித்திருக்கிறார். படத்தை வெட்டி ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

பத்து நாள் கழித்து ஊருக்குப் போன் பேசிவிட்டு வந்தவர் முகம் சரியாக இல்லை. மூத்த மகள் எட்டாவது படிக்கிறாள். படத்தைப் பார்த்துவிட்டு, அப்பா ஏன் முட்டி போட்டிருக்கீங்க, அது யாரு, முட்டி போட்டவங்களை அப்புறம் என்ன செஞ்சாங்க என்று கேட்டிருக்கிறாள். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பறம் என்னாச்சு தம்பி? அவய்ங்கள என்ன பண்ணாய்ங்க?"

வியாழக்கிழமை மத்தியானம் அது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். முதலில் தெரியாது என்றேன். தாள் இருக்கே, வாசித்தாயே என்றார். பெட்டியைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்துக் கொடுத்தேன்.

கறுப்பு மையில் அச்சான பழைய படங்கள். ஒன்றில் வெள்ளைக்காரர் ஒருவர் கோடரியை ஓங்கியிருக்கிறார். மரக்கட்டைமேல் ஒருவர் கையை வைத்திருக்கிறார். பக்கத்தில் இன்னொருவர் கை போன இடத்தைப் பார்த்தபடி நடந்துபோகிறார். அண்ணன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். நான் எழுத்தை வாசித்துச் சொன்னேன். அடுத்த பயணத்தில் அந்தத் தலைவர் நிறையக் கப்பல்களோடு வந்தார். பக்கத்துப் பெரிய தீவில், பதினாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பருந்தின் காலில் கட்டுகிற மணி நிறையப் பொன் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். கொடுத்தவர்கள் கழுத்தில் ஒரு வில்லை தொங்கும். வில்லை இல்லாமல் பிடிபட்டால் அந்தப் படத்தில் இருந்த தண்டனை.

"கழுத்துல வில்லையா," என்றார். "நம்ம பத்தாக்கா மாதிரியா?" பத்தாக்கா என்று நாங்கள் சொல்வது எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டிய அடையாள அட்டை.

நான் மீதியையும் வாசித்தேன். நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலில் அடைத்து விற்கக் கொண்டுபோனார்கள். வழியில் பலர் செத்தார்கள். பிறகு அம்மை வந்தது. ஐம்பது அறுபது வருஷத்தில் அந்தத் தீவில் அந்த ஜனங்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள்.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"மொதல்ல மண்டி போட்டவன் பேரு எழுதிருக்கா?"

"யார் பேரும் எழுதலண்ணே."

"மண்டி போட்டாய்ங்கனு எழுதிருக்கிற எடத்தக் காட்டு."

தேடினேன். எல்லாத் தாளையும் திரும்ப வாசித்தேன். அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. கரையில் இறங்கியதும் கப்பலில் வந்தவர்கள் மண்டியிட்டுத் தங்கள் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள் என்றுதான் இருந்தது. தீவுக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதைச் சொன்னேன். அவர் தாள்களை வாங்கிக்கொண்டார்.

"அப்ப நான் எதுக்குப் போடுறேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒத்திகையில் வசனத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அதனால்தான் நான் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விற்பனையின் கடைசி வாரம் என்பதால் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தது. நான் கப்பலுக்குள் நின்று கதவைத் திறந்தேன். புகை வந்தது. கப்பல் தலைவர் ஒரு கையில் கொடியோடும் ஒரு கையில் வாளோடும் இறங்கினார். இவர் வழக்கம்போல பாறைக்குப் பின்னாலிருந்து வந்தார். வாள் நீண்டது. இவர் அதைப் பிடியில் பிடித்தார். அந்த வெள்ளைக்காரர் எதிர்பார்க்காததால் வாள் கைமாறிவிட்டது. இவர் அதை ஓங்கவில்லை. நுனி தரையைப் பார்க்க, ஒரு கைத்தடி மாதிரி வைத்துக்கொண்டு, சரிவுப் பலகைக்கு நேர் எதிரே நிமிர்ந்து நின்றார்.

குரல் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. மண்டியிடும் இடம் வந்தது. அவர் மண்டியிடவில்லை. அவர் மண்டியிடாததால் பின்னால் நின்ற பதினொரு பேரும் மண்டியிடவில்லை. இவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கப்பல் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே, கீழே என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். இவர் ஒரு அடி முன்னால் வைத்தார். கப்பல் தலைவர் சரிவுப் பலகையில் ஒரு அடி பின்னால் வைத்தார். அவர் இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தபோது, கைப்பிடி இல்லாத பக்கத்தில் கால் தவறி, பலகையிலிருந்து மாலின் கல்தரையில் விழுந்தார்.

ஜனங்கள் கைதட்டினார்கள். அதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்திருக்கவேண்டும். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் கிடந்தபோதுதான் கைதட்டல் நின்றது. இவர் வாளைக் கீழே வைத்துவிட்டு, அவரைத் தூக்கிவிடக் குனிந்தார். அதற்குள் செக்யூரிட்டிகள் வந்து இவருடைய இரண்டு தோளையும் பிடித்துவிட்டார்கள்.

போலீஸ் வந்தது. மணிக்கட்டு முறிந்த அந்த நடனக்காரர், தன்னை யாரும் தள்ளவில்லை, தானே வழுக்கி விழுந்தேன் என்று சொன்னார். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் ஜெயில்தான். வழக்கு இல்லை என்று அன்றே விட்டுவிட்டார்கள். கம்பெனி விடவில்லை.

சனிக்கிழமை காலையில் ஃபோர்மேன் எங்கள் அறைக்கு வந்து அண்ணனின் படுக்கையைப் புரட்டினார். தலையணைக்கு அடியில் அந்தத் தாள்கள் இருந்தன. ஓரமெல்லாம் தமிழில் பென்சில் எழுத்து. எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் தாள்களை மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார். கைவெட்டும் படம் மேலே இருந்தது. யாரோ சொல்லிக்கொடுத்து, திட்டம் போட்டு, கம்பெனியைக் கெடுக்கச் செய்த வேலை இது என்று அவர் நினைத்தார். என்னைப் பார்த்து, இந்த எழுத்து உன்னுடையதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த அறைக்குள் போகும்போதே எனக்குக் கைப்பிடி ஞாபகம்தான். எடுக்கச் சொன்னவர்கள் வாயால்தான் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. எடுத்தவன் நான். கேள்வி அந்தப் பக்கம் திரும்பிவிடக்கூடாது என்று மட்டுமே நினைத்தேன். ஊரில் அப்போதுதான் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

"இல்ல சார்," என்றேன்.

ஃபைல் உன்னிடம்தானே இருந்தது என்றார். பட்டறையில் வைத்திருந்தேன், யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றேன். ஃபோர்மேன் அண்ணன் பக்கம் திரும்பி, எழுதியது யார் என்று கேட்டார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான்தான் எழுதினேன் என்றார். மேனேஜர் ஒரு பேனாவையும் வெள்ளைத்தாளையும் தள்ளி, எழுதிக் காட்டச் சொன்னார். அவர் குனிந்து, நிதானமாக, இரண்டு சொல் எழுதினார். நான் பார்த்தேன். அவருடைய இரண்டு பெண்களின் பெயர்கள். பென்சிலில் இருந்தது சின்னச் சின்னச் சாய்வெழுத்து. அவர் எழுதியது பெரிய குண்டு எழுத்து. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஃபோர்மேன் கொஞ்சம் தமிழ் வாசிப்பவர். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து வைத்தார்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கடைசியாக அவரிடம் கேட்டார்கள். "நான் ஒண்ணுஞ் செய்யல சார். நின்னேன். அதுல மண்டி போட்டதா எழுதல," என்றார். ஃபோர்மேன் அதை மொழிபெயர்க்கவில்லை. கலாஸ், முடிந்தது என்று மேனேஜர் கையை வீசினார். விசா கேன்சல்.

டிக்கெட் வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அவர் என் கீழ்க்கட்டிலில்தான் இருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டு நாள் வேறு கிடையாது. அவர் பேசாமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் வழக்கம்போலப் பேசினார். நான் வேலை முடிந்து வரும்போது சோறு வடித்து வைத்திருப்பார். மெஸ்ஸில் மீன் நன்றாக இல்லை, நீ கடலோரத்துக்காரன், உனக்கு எப்படி இறங்குகிறது என்பார். நான் ஒவ்வொரு நாளும், இன்று அவரிடம் பேசிவிடுவேன், நாளைக்கு ஆபீசில் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே கட்டிலில் ஏறிப் படுப்பேன். கீழே அவர் புரளும் சத்தம் கேட்கும். சொல்லவில்லை.

அறையில் மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். பிழைக்க வந்த இடத்தில் எதற்கு வீம்பு என்றார்கள் சிலர். இன்னும் சிலர் அவர் நின்றதை நடித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் இரண்டுக்கும் பிடி கொடுக்கவில்லை. மகளிடம் போனில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வேன் வந்த அன்று அவர் பெட்டியை நான்தான் கீழே இறக்கினேன். கம்பெனி ஆள் அவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யல்லா, யல்லா என்று அவசரப்படுத்தினார். அவர் என் தோளைத் தட்டினார்.

"வாறேன் தம்பி. ரெசின் வேலையில மூஞ்சிக்குத் துணி கட்டிக்க. நீ கட்டவே மாட்டேங்கற."

அவ்வளவுதான் சொன்னார்.

காட்சியை அதோடு நிறுத்திவிட்டார்கள். விற்பனை முடிந்ததும் கப்பலைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். வைக்க இடமில்லை. கிரைண்டர் போட்டு வெட்டச் சொன்னார்கள். இரண்டு நாளில் நானே வெட்டினேன். முகத்துக்குத் துணி கட்டியிருந்தேன். ஃபைபர் தூசி உடம்பெல்லாம் ஒட்டி ஒரு வாரம் அரித்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம் சவூதி எண்ணிலிருந்து எனக்குப் போன் வந்தது. அவர் குரல். யான்புவில் இருப்பதாகச் சொன்னார். சுத்திகரிப்பு ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கசடு வழிக்கவேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் உள்ளே நிற்கமுடியாது, ஆனால் நிற்கவைக்கிறார்கள் என்றார். என் எண்ணை ஊர்க்காரர் ஒருவரிடம் வாங்கினாராம். தங்கச்சி கல்யாணம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். அவருடைய மூத்த பெண் பத்தாவது எழுதப்போகிறாள் என்றார்.

நான் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. "அண்ணே, அன்னைக்கு ஆபீசுல நான் இல்லன்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடு," என்றார். "நீ ஆமானு சொல்லிருந்தா ரெண்டு பேத்தயும் பிளேனுல ஏத்திருப்பாய்ங்க. அதனால எனக்கு என்ன ஆகப்போவுது?"

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"ஆனா தம்பி, நான் மொதநாளு கேட்டப்பவே நீ எல்லாத்தயும் சொல்லிருக்கலாம். ஒன் பெட்டிக்குள்ள தாள வச்சுக்கிட்டு, ஒரு மாசம், தெனம் மூணு வாட்டி என்னய மண்டி போட விட்டு, ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டு இருந்திருக்க. நான் ரத்தத்தக் காட்டிச் சிரிக்க வச்சுருக்கேன், அந்தப் பிள்ளைகள. அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் அண்ணே என்றேன். அவர் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது.

உடனே அந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தேன். வெகுநேரம் ஒலித்த பிறகு யாரோ எடுத்தார்கள். அது ரோட்டோரத்துப் பொது போன். எடுத்தவர் ஒரு பெங்காலி. இப்போது பேசிக்கொண்டிருந்தவரைக் கூப்பிடுங்கள், தமிழ்க்காரர், கருப்பாக, ஒல்லியாக இருப்பார் என்று ஹிந்தியில் சொன்னேன். பாய், இங்கே வரிசையில் நிற்கிற எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்றார். பெயரைச் சொன்னேன். அவர் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. இரண்டு முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.